டியூன் பண்ண டர்போ கார்ல ரேஸ் ஃப்யூல் ஊத்துறது எப்படி: எதுக்கு அப்புறம் எது, முழுமையான வழிகாட்டி

ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2னு ரீமேப் அடிச்சு முடிச்சிட்டு (இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்குற செட்டிங்கை, அதாவது மேப்பை, பவருக்காக மாத்துறது; ஸ்டேஜ் நம்பர் கூடுனா மாத்தமும் கூடும்), அடுத்த வாரமே "அண்ணே, ரேஸ் ஃப்யூல் ஊத்துனா இன்னும் எம்புட்டு ஏறும்"னு கேக்குற பசங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். ரேஸ் ஃப்யூல்னா ஆக்டேன் நம்பர் கூடுன பெட்ரோல், ஆக்டேன்னா என்னன்னு 1ஆவதுல வருது. போலோ டிஎஸ்ஐ, விர்டஸ், ஸ்லாவியா, ஆக்டேவியா, ஐ20 என் லைன், பழைய டி-ஜெட் இன்ஜின் வச்ச லீனியா, எதுவா இருந்தாலும் வழி ஒண்ணுதான்.

ஃப்யூல் வாங்குறதுல யாரும் பெருசா தப்பு பண்றதில்ல, பண்ற வரிசையிலதான் கவுந்துர்றாய்ங்க. ஆக்டேன் ஏத்தும்போது ஃப்யூல் முதல்ல, மேப் அப்புறம். இறக்கும்போது மேப் முதல்ல, ஃப்யூல் அப்புறம். கீழ இருக்குற எல்லாமே இந்த ரெண்டு வரியோட விளக்கம்தான், நடுவுல எதையாச்சும் தாண்டிப் போனா அது எங்க போய் கடிக்கும்னும் சேத்தே சொல்லிர்றேன்.

1. முதல்ல ஒரு லாக் (ஓடும்போது இன்ஜின் கம்ப்யூட்டர் காட்டுற நம்பர்களோட பதிவு) எடுங்க, காருக்கு இது வேணுமான்னு அதுவே சொல்லும்

ஆக்டேன்ங்கிறது பவர் இல்ல. சிலிண்டருக்குள்ள அழுத்தமும் சூடும் ஏறும்போது, பிளக் வச்ச நெருப்பு வந்து சேர்றதுக்கு முன்னாடியே ஓரத்துல இருக்குற கலவை தானா வெடிச்சிடாம தாங்குற அளவு, அம்புட்டுதான். தாங்காம வெடிச்சா அதுதான் நாக். நாக் சென்சார் அதைக் கேட்டதும் ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) அந்த சிலிண்டரோட டைமிங்கை (பிளக் பொறி வைக்கிற நேரத்தை) பின்னாடி இழுக்கும், பவர் போகும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும்.

அதனால உங்க கார் இப்ப ஊத்துற பெட்ரோல்ல டைமிங்கை இழுக்குதா இல்லையாங்கிறதுதான் முதல் கேள்வி. இழுக்கலைன்னா, மேப்பை மாத்தாம 100 ஆக்டேன் ஊத்தி ஒரு பிரயோஜனமும் கிடையாது, காசுதான் கரியாகும். சிலிண்டருக்கு 4, 5 டிகிரின்னு இழுத்துட்டு இருந்தா, நல்ல ஃப்யூல் ஊத்துனதும் மேப் எதிர்பார்த்த டைமிங் திரும்பக் கிடைக்கும், அதையே பசங்க "ஏறிருச்சுண்ணே"ம்பாய்ங்க. ஏறல, தொலைஞ்சது திரும்பி வந்துருக்கு.

லாக்கை எப்ப எடுக்குறீங்கங்கிறது முக்கியம். காலையில அஞ்சரை மணிக்கு அழகர்கோவில் ரோட்ல எடுத்த லாக்கும், சித்திரை வெயில்ல மதியம் காளவாசல் சிக்னல்ல நின்னு வெந்துட்டு எடுத்த லாக்கும் ஒண்ணு கிடையாது, இன்டேக் காத்து சூடு ரெண்டுக்கும் அம்புட்டு வித்தியாசம் காட்டும், சூடு ஏற ஏற நாக் சீக்கிரம் வரும். கொடைக்கானல்ல எடுத்துட்டு "லாக் கிளீனா இருக்குண்ணே"ன்னு வர்றவங்களும் உண்டு. அந்தக் குளிர்ல எடுத்தது மதுரை வெயிலுக்கு சாட்சியாகாது. மோசமான நேரத்துல எடுத்த லாக்தான் உண்மையைச் சொல்லும்.

ஃபுல் த்ராட்டில் லாக்கை டைனோவுல (ரோலர் மேல காரை ஓட்டி பவர் அளக்குற மெஷின்) எடுங்க, இல்ல டிராக் டே அன்னைக்கு கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே மாதிரி இடத்துல எடுங்க. நத்தம் ரோட்டு பறக்கும் பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல காலியா கிடக்குதுன்னு அங்க போய் இழுக்காதீங்க. மேல டூவீலர் போகுது, ஒதுங்க இடம் கிடையாது.

2. கையில இருக்க வேண்டிய சாமான்

உங்க கார் ஈசியுவோட பேசுற ஒரு ஓபிடி அடாப்டரும் (காரோட டயக்னாஸ்டிக் சாக்கெட்ல மாட்டுறது) அதுக்கான ஆப்பும் வேணும். சும்மா ஸ்பீடும் ஆர்பிஎம்மும் காட்டுற ஆப் பத்தாது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா டைமிங் எம்புட்டு இழுக்குதுன்னு காட்டணும். அதோட பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்), இன்டேக் சூடு, லாம்டா (காத்து-ஃப்யூல் கலவை சரியான விகிதத்துலேர்ந்து எம்புட்டு விலகியிருக்குங்கிற அளவு), ஃப்யூல் ட்ரிம் (கலவையைச் சரி பண்ண ஈசியு தானா ஃப்யூலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்), ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போற ஃப்யூலோட அழுத்தம்) இதெல்லாம் ஒரே லாக்ல வரணும்.

அப்புறம் மேப் எழுதிக் குடுக்குற டியூனர்கிட்ட இருந்து ரெண்டு மேப் ஃபைல்: பங்க் பெட்ரோலுக்கு ஒண்ணு, ரேஸ் ஃப்யூலுக்கு ஒண்ணு. ரெண்டையும் நீங்களே மாத்தி ஃபிளாஷ் பண்ற (ஈசியுக்குள்ள ஏத்துற) வசதி கையில இருக்கணும். ரேஸ் ஃபைலை டியூனர் கடையில ஏத்திட்டு வந்து, திரும்ப இறக்க அதே கடைக்கு 200 கிலோமீட்டர் போகணும்னா இந்த வேலையில இறங்கவே வேணாம், காரணம் 11ஆவதுல வருது.

மூடி இறுக்கமான மெட்டல் கேன், நல்ல புனல், நைட்ரைல் கையுறை, 100 மில்லி அளவு சிலிண்டர் ஒண்ணு (சயின்ஸ் லேப் சாமான் விக்கிற கடையில கிடைக்கும்), வேலை செய்யிற தீயணைப்பான். ஒரு நோட்டும் வச்சுக்கோங்க, எப்ப எம்புட்டு எது ஊத்துனோம்னு எழுத.

3. டின் மேல இருக்குற நம்பர் எந்த ஊர் நம்பர்

இங்கதான் நிறைய பேர் விழுறாய்ங்க, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

நம்ம ஊர் பங்க்ல போட்டிருக்கிறது ரான் (RON) நம்பர், லேசான நிலைமையில சோதிச்சு வர்ற ஆக்டேன். சாதா பெட்ரோலுக்கு பிஎஸ்6 (மாசுக் கட்டுப்பாடு) விதி வந்தப்போ குறைஞ்சது 91, பிரீமியம்ல 95, அதுக்கு மேல 97, 99, 100ன்னு கம்பெனிக்கு ஒண்ணு விக்கிறாய்ங்க. இதே பெட்ரோலை கடுமையான நிலைமையில சோதிச்சா வர்றது மான் (MON), அது எப்பவும் ரானை விட கம்மியா வரும். அமெரிக்காவுல பங்க்ல எழுதுறது ரானையும் மானையும் கூட்டி ரெண்டால வகுத்த நம்பர். அதனால அவங்க 93ன்னு எழுதுனது நம்ம கணக்குக்கு 97, 98 கிட்ட வரும். அவங்க 91 நம்ம 95, 96.

ஒரு தம்பி போலோ கொண்டு வந்தான், அமெரிக்கக் கம்பெனி ஃபைலு, "93 ஃபைல்தாண்ணே, நான் 95 ஊத்துறேன், ரெண்டு பாயிண்ட் கூடத்தான் ஊத்துறேன், ஆனா மூணாவது கியர்ல இழுக்க மாட்டேங்குது"ன்னான். லாக்கைப் பாத்தா ஒரு சிலிண்டர் விடாம 6 டிகிரி பின்னாடி கிடக்கு. அந்த ஃபைல் கேக்குறது 98 ரான், அவன் ஊத்துறது 95. கார்ல ஒரு குறையும் இல்ல. ஃபைலை ஒரு படி கீழ இறக்கி விட்டதும் டைமிங்கை இழுக்குறதும் நின்னுச்சு, கார் முன்னைவிட வேகமாவும் போச்சு.

அதனால டின்னு, ஃபைலு, பங்க்கு மூணையும் ஒரே கணக்குக்குக் கொண்டு வாங்க. ரேஸ் ஃப்யூல் டின்ல 110ன்னு போட்டிருந்தா அது ரானா, மானா, ரெண்டோட சராசரியான்னு டேட்டா ஷீட்ல பாருங்க. டியூனர்கிட்ட பேசும்போதும் "100 ஃபைல் குடுங்க"ன்னு மொட்டையா கேக்காதீங்க, "100 ரான்"னு கேளுங்க.

4. எந்த ஃப்யூல், எது கிட்டயே போகக்கூடாது

தெருவுல ஓடுற காருக்கு முதல் தேர்வு பங்க்லயே கிடைக்கிற 100 ரான். இந்தியன் ஆயில் எக்ஸ்பி100, 2020 டிசம்பர்ல வந்தப்போ லிட்டர் 160 ரூபாய். எல்லா பங்க்லயும் இருக்காது, ஊர் ஊரா தேர்ந்தெடுத்துதான் வைக்கிறாய்ங்க, கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணி ஸ்டாக் இருக்கான்னு கேட்டுக்கோங்க. நல்ல ஸ்டேஜ் 2 காருக்கு இதுவே தாராளம், பாதிப் பேருக்கு இதுக்கு மேல எதுவுமே தேவைப்படாது.

அடுத்தது நிஜமான ரேஸ் ஃப்யூல், டின்ல வர்றது. இதுல ஈயம் கலந்தது, கலக்காததுன்னு ரெண்டு ஜாதி. ஈயம் கலந்தது தெருக் காருக்கு வேணவே வேணாம். ஆக்ஸிஜன் சென்சாரையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் ஈயம் பூசி சாகடிச்சிரும், அப்புறம் சென்சார் சொல்ற பொய்யை நம்பி ஈசியு கலவையை மாத்தும், எல்லாம் சங்கிலியா போகும். மனுசனுக்கும் நஞ்சு, தோல் வழியாவே உள்ள போகும். 2000 பிப்ரவரியிலேயே நாடு முழுக்க பங்க்ல நிறுத்துன சமாசாரம் அது. விமானத்துக்கு ஊத்துற ஆவ்கேஸ் 100 எல்எல்லயும் ஈயம் உண்டு, "ஏர்போர்ட்ல தெரிஞ்ச ஆள் இருக்காருண்ணே"ன்னு யாராச்சும் சொன்னா கும்பிடு போட்டு அனுப்பிருங்க.

ஈயம் இல்லாததுலயும் ஆக்ஸிஜன் சேத்தது, சேக்காததுன்னு இருக்கு. ஆக்ஸிஜன் சேத்ததுல பவர் கொஞ்சம் கூட வரும், ஆனா அதே காத்துக்கு கூட ஃப்யூல் கேக்கும், இன்ஜெக்டரும் பம்பும் அதைக் குடுக்க முடியாத கார்ல ஊத்துனா லீனா (காத்துக்கு ஃப்யூல் பத்தாம) ஓடும். அதுக்குத் தனி மேப் வேணும்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் பத்தி ஒரு வார்த்தை. "30 பாயிண்ட் ஏறும்"னு போட்டிருக்கும், அந்தக் கணக்குல 10 பாயிண்ட் சேந்தாத்தான் ஒரு ஆக்டேன், ஆக 30ன்னா மூணுதான், 3 பாயிண்ட்னு போட்டிருந்தா அது 0.3. மாங்கனீஸ், இரும்பு சேத்த பூஸ்டர்களை தொடர்ந்து ஊத்துனா பிளக் பீங்கான்ல செங்கல் கலர்ல படியும், அது கரண்டைக் கடத்தி பிளக்கை மிஸ் அடிக்க வைக்கும். தின்னர், டொலுவீன்னு பெயிண்ட் கடை சரக்கைக் கலக்குற ஐடியாவுக்கு நான் பதிலே சொல்றதில்ல, என்ன தரம்னு தெரியாத கரைப்பானை 200 பார் பிரஷர்ல ஓடுற பம்புக்குள்ள விடுறதுக்கு என்னத்த சொல்ல.

5. காரை முதல்ல ஆரோக்கியமாக்குங்க

மெக்கானிக்கல் குறையை ஆக்டேனால மறைக்கலாம், சரி பண்ண முடியாது. மறைச்சு வச்சு மேப்பையும் ஏத்துனா மொத்தமா வெடிக்கும்.

பிளக்: பூஸ்ட் ஏத்துன காருக்கு ஒரு படி குளிர்ந்த (சூட்டை வேகமா கடத்துற) பிளக். எது குளிர்ந்ததுன்னு பிராண்டைப் பொறுத்து மாறும், என்ஜிகேல நம்பர் கூடுனா குளிர்ச்சி, பாஷ்ல நம்பர் குறைஞ்சா குளிர்ச்சி. இதைத் தலைகீழா வாங்கிட்டு வந்து மாட்டுறது அடிக்கடி நடக்குது. கேப் (பிளக் முனையில பொறி தாண்டுற இடைவெளி) பொதுவா 0.6லேர்ந்து 0.7 மில்லிமீட்டர், டியூனர் வேற சொன்னா அதைக் கேளுங்க. கேப் பெருசா இருந்தா பூஸ்ட்ல பொறி அணைஞ்சிரும்.

பழைய பிளக்கைத் தூக்கிப் போடாதீங்க. வெளிச்சத்துல பிடிச்சு, முடிஞ்சா பூதக்கண்ணாடி வச்சு வெள்ளைப் பீங்கானைப் பாருங்க. மிளகுத்தூள் தூவுன மாதிரி கறுப்புப் புள்ளியோ, மினுமினுன்னு சின்ன அலுமினியத் துணுக்கோ ஒட்டிருந்தா அந்த சிலிண்டர் ஏற்கனவே நாக் அடிச்சிருக்கு, அந்த அலுமினியம் பிஸ்டன்லேர்ந்து வந்தது. அந்த நிலைமையில ரேஸ் மேப்பை மறந்துட்டு கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர்ல அழுத்தம் நிக்குதான்னு பாக்குறது) பண்ணுங்க.

பூஸ்ட் லீக், இன்டர்கூலர் ஹோஸ், கூலன்ட், ஆயில் மட்டம் எல்லாம் ஒரு ரவுண்டு பாத்துருங்க. டைரக்ட் இன்ஜெக்ஷன் (ஃப்யூலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுற) கார்ல 1500, 2000 ஆர்பிஎம்ல டாப் கியர்ல மிதிக்கிற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க, அப்படி மிதிக்கும்போது பொறி வர்றதுக்கு முன்னாடியே கலவை பத்திக்கிற லோ ஸ்பீடு முன்வெடிப்புக்கு ஆயிலும் ஓட்டுற விதமும்தான் பெரிய காரணம், 100 ஆக்டேன் ஊத்திட்டோம்னு தைரியமா மிதிச்சா பிஸ்டன் உடையும்.

6. வாங்குறது, கொண்டு வர்றது, வைக்கிறது

நிறைய பங்க்ல கேன்ல ஊத்த மாட்டாங்க, சண்டை போடாதீங்க, அவங்களுக்கு அவங்க ரூல்ஸ். பெட்ரோலியம் சட்டம் 1934 படி, விக்கிற நோக்கம் இல்லாம லைசென்ஸ் இல்லாம ஒருத்தர் வச்சிருக்கக் கூடியது மொத்தம் 30 லிட்டர் வரைதான், மெட்டல் பாத்திரம்னா ஒண்ணு 25 லிட்டருக்கு மேல போகக் கூடாது, மூடி இறுக்கமா இருக்கணும். ரெண்டு டின் சேத்து வாங்கி வைக்கலாம்னு நினைக்கிறவங்க இதைக் கணக்குல வச்சுக்கோங்க. ரயில்ல கொண்டு வர்ற யோசனையே வேணாம்.

கேன்ல ஊத்தும்போது தரையில வச்சு ஊத்துங்க, டிக்கிக்குள்ள கார்ப்பெட் மேல வச்சு ஊத்தாதீங்க, ஸ்டாட்டிக் பொறி ஒண்ணு போதும். விளிம்பு வரை நிரப்பவும் கூடாது, நம்ம வெயிலுக்கு விரிய இடம் வேணும்.

வைக்கிற இடம் நிழலா, காத்தோட்டமா, வீட்டுக்கு வெளியில. மாடித் தகர ஷெட் வேணாம், மே மாசம் அது அடுப்பு. அடிக்கடி மூடியைத் திறந்து மோந்து பாக்குறதும் வேணாம், சீக்கிரம் ஆவியாகுற பகுதிதான் முதல்ல போகும், போனா காலையில ஸ்டார்ட் ஆக முக்கும், டின்ல போட்ட குணமும் மாறிரும்.

7. டேங்கை காலி பண்றது, கலக்குறது

சுலபமான வழி, ஓட்டியே ரிசர்வுக்குக் கொண்டு வர்றது. ஆனா சுத்தமா வறண்டு நிக்கிற வரை ஓட்டாதீங்க, டேங்க்குக்குள்ள இருக்குற பம்பு ஃப்யூல்ல நனைஞ்சுதான் குளிருது, காத்தை உறிஞ்சுனா சூடாகி போயிரும். பின் சீட்டுக்கு அடியில இருக்குற மூடியைத் திறந்து எடுக்கணும்னா பட்டறையில விடுங்க. டைரக்ட் இன்ஜெக்ஷன் ரெயில் பக்கம் ஸ்பேனரோட போகாதீங்க, இன்ஜின் நின்ன பிறகும் பிரஷர் உள்ளதான் இருக்கும்.

கலவைக் கணக்கு தோராயமா இப்படித்தான்: லிட்டரை ஆக்டேனால பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, மொத்த லிட்டரால வகுங்க. ரிசர்வ்ல 6 லிட்டர் 91 இருக்கு, மேல 34 லிட்டர் 100 ஊத்துறீங்க, 98.6 கிட்ட வரும். பாதி டேங்க் 95 வச்சுட்டு 20க்கு 20 ஊத்துனா 97.5தான். "100 ஊத்திருக்கேன்"னு சொல்றவங்க டேங்க்ல பல நேரம் 97தான் இருக்கு, மேப் மட்டும் 100ஐ எதிர்பாத்து உக்காந்திருக்கும்.

ஆக்டேன் மட்டும் கணக்கு இல்ல, எத்தனாலும் கணக்கு. இப்ப சாதா பெட்ரோல் ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது), அதோட சரியான காத்து-எரிபொருள் விகிதம் 13.5ஐ சுத்தி வரும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு 14.7. ரெண்டுக்கும் கிட்டத்தட்ட 8 சதவீத வித்தியாசம். ஈ20ல பழகுன கார்ல திடீர்னு எத்தனால் இல்லாததை ஊத்துனா முதல்ல ரிச்சா (ஃப்யூல் கூடி) ஓடும், திரும்பி ஈ20க்கு வந்தா முதல்ல லீனா ஓடும். ஃபுல் பூஸ்ட்ல லீனா ஓடுறது எம்புட்டு நல்லதுன்னு சொல்லத் தேவையில்ல.

வாங்குனதுல எத்தனால் எம்புட்டு இருக்குன்னு வீட்டு வாசல்லயே பாக்கலாம். 100 மில்லி அளவு சிலிண்டர்ல 10 மில்லி வரை தண்ணி, மேல 100 கோடு வரை பெட்ரோல், மூடி நல்லா குலுக்குங்க, நடுவுல மூடியைத் திறந்து ஆவியை விடுங்க, அப்புறம் பத்துப் பதினஞ்சு நிமிசம் ஆடாம வைங்க. எத்தனால் பெட்ரோலை விட்டுட்டு தண்ணியோட சேந்துக்கும், அடியில இருக்குற அடுக்கு உசரும். கோடு 10லயே நின்னா எத்தனால் இல்ல. 28 கிட்ட நின்னா, 18ஐ 90ஆல வகுத்தா 20 சதவீதம். கலங்கலா இருந்தா அவசரப்படாதீங்க, தெளியட்டும். சோதிச்ச பெட்ரோலை டேங்க்ல ஊத்தாதீங்க, அதுல தண்ணி இருக்கு. அடுப்படி, பூஜை விளக்கு எதுவும் பக்கத்துல வேணாம்.

8. முதல் ஓட்டம் பழைய மேப்லயே

ஃப்யூல் ஊத்துன உடனே லேப்டாப்பைத் திறந்து ரேஸ் ஃபைலை ஏத்துறதுதான் ரொம்ப சகஜமா பாக்குற தப்பு. லைன்லயும் ரெயில்லயும் இன்னும் பழைய பெட்ரோல் கிடக்கு, டேங்க்ல கலவை ஒண்ணா சேந்துருக்காது, ட்ரிம் பழைய ஃப்யூலுக்குப் பழகுனபடியே இருக்கு.

அதனால பங்க் மேப்லயே சாதாரணமா ஒரு 30, 40 கிலோமீட்டர் ஓட்டுங்க. ரிங் ரோடு ஏறி திருமங்கலம் போய் டீ குடிச்சிட்டு திரும்புனாலே ஆச்சு. கொஞ்சம் டவுன், கொஞ்சம் ஹைவே கலந்து ஓட்டுனா ட்ரிம் எல்லா லோடுலயும் பழகும். லாங் டேர்ம் ட்ரிம் (ஈசியு பழகி நிலையா வச்சுக்குற ட்ரிம்) 5 சதவீதத்துக்குள்ள வந்து நின்னா நல்லது. 10ஐத் தாண்டி நிக்கிதுன்னா எங்கயோ லீக், இல்ல நீங்க வாங்குனது நீங்க நினைச்ச ஃப்யூல் இல்ல.

இப்ப அதே வெயில் நேரத்துல, அதே கியர்ல, அதே இடத்துல முதல்ல எடுத்த லாக்கைத் திரும்ப எடுங்க. முன்னாடி இழுத்த டைமிங் இப்ப பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்திருக்கணும். வந்தாத்தான் அடுத்த படி. நல்ல ஃப்யூல் ஊத்தியும் ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் பழையபடி இழுக்குதுன்னா அது ஃப்யூல் பிரச்சனையே இல்ல. பிளக், காயில், இன்ஜெக்டர், இல்ல இன்ஜின் பக்கத்துல லூசா ஆடுற ஏதாவது பிராக்கெட், அந்தச் சத்தத்தையும் சென்சார் நாக்னு நினைச்சுக்கும்.

9. மேப் ஏத்துறது

இது சின்ன வேலை, ஆனா பேட்டரியில கவனம் வைங்க. ஃபிளாஷ் ஓடும்போது வோல்டேஜ் விழுந்தா ஈசியு பாதியில நின்னுரும், அப்புறம் கழட்டி பெஞ்சுல வச்சுத்தான் உயிர் குடுக்கணும். நல்ல சப்போர்ட் சார்ஜர் மாட்டுங்க, ஏசி, ஃபேன், லைட், ஸ்டீரியோ எல்லாம் ஆஃப். லேப்டாப்புக்கும் முழு சார்ஜ், கரண்ட் போறதுக்கு நம்ம ஊர்ல நேரம் காலம் கிடையாது.

ஃபைல் பேரை ரெண்டு தடவை படிங்க. ஏத்துனதும் நோட்டுல தேதியோட எழுதுங்க, ஒரு சின்ன ஸ்டிக்கர்ல "100 மேப்"னு எழுதி ஃப்யூல் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்க. வீட்ல தம்பியோ அப்பாவோ காரை எடுத்துட்டுப் போய் வழியில சாதா பெட்ரோல் ஊத்துறதைத் தடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

10. லாக்கைப் படிக்கிறது

முதல் இழுவையிலயே ரெட்லைன் வரை போகாதீங்க. பாதி த்ராட்டில்ல ஒண்ணு, பாருங்க. முக்கால்ல ஒண்ணு, பாருங்க. அப்புறம் முழுசு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல இன்டேக் சூடு இறங்க விடுங்க.

முதல்ல டைமிங். எப்பவாவது ஒரு இடத்துல 2, 3 டிகிரி இழுத்துட்டு திரும்பி வந்தா பெரும்பாலான கார்ல பயப்பட வேணாம், ஈசியு எல்லையைத் தொட்டுப் பாக்குது. எல்லா சிலிண்டரும் சேந்து 4, 5ன்னு இழுத்து, அடுத்த இழுவையில இன்னும் கூடுனா காலை எடுங்க. ஃப்யூல் சொன்ன தரத்துல இல்ல, இல்ல மேப் அதிகம் கேக்குது.

அடுத்தது ரெயில் பிரஷர். கேட்டது ஒண்ணு, வந்தது ஒண்ணுன்னு ரெண்டு கோடு இருக்கும், மேல் ஆர்பிஎம்ல வந்தது கீழ சரிய ஆரம்பிச்சா பம்பு முடியலங்குது. ஆக்டேன் எம்புட்டு இருந்தாலும் அங்க லீன் ஆகிரும், மேப்பைக் குறைக்கணும், இல்ல பம்பு மாத்தணும்.

கலவையை லாம்டாவுல பாருங்க, 12.5, 11.8னு ஏஎஃப்ஆர்ல (காத்து-எரிபொருள் விகிதம்) பாக்காதீங்க. பெரும்பாலான மீட்டர் எந்த ஃப்யூல் ஊத்துனாலும் 14.7ஆல பெருக்கித்தான் காட்டும், ஈ20 ஊத்துனாலும் அதுக்குத் தெரியாது. லாம்டா எல்லா ஃப்யூலுக்கும் ஒரே அர்த்தம்தான். முழு பூஸ்ட்ல என்ன லாம்டா வரணும்னு டியூனர்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க, லாக்கை அதோட ஒப்பிடுங்க.

11. திரும்ப இறக்குறது

டிராக் டே முடிஞ்சிருச்சு, கால்வாசி டேங்க்கோட கிளம்பி திண்டுக்கல் தாண்டி வந்துட்டு இருக்கோம், ஃப்யூல் லைட் எரியுது, பக்கத்து பங்க்ல சாதா பெட்ரோல்தான் இருக்கு. "ரெண்டு லிட்டர் ஊத்துவோம், மெதுவா ஓட்டிருவோம்"னு தோணும். ஊத்துறதுக்கு முன்னாடி பங்க் மேப்பை ஏத்துங்க, ஊத்துறது அதுக்கப்புறம். மெதுவா ஓட்டுறேன்னு சொல்றவன் முன்னாடி ஒரு பஸ்ஸு வந்தா ஓவர்டேக் பண்ண ஒரு மிதி மிதிப்பான், அந்த ஒரு மிதி போதும்.

அதனால நடைமுறையில சிறந்தது, டிராக்கை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே அங்கயே நிறுத்தி பங்க் மேப்பை ஏத்திட்டு கிளம்புறது. குறைஞ்ச மேப்ல உசந்த ஃப்யூல் (ஆக்ஸிஜன் சேக்காதது) ஓடுறதுல ஒரு ஆபத்தும் இல்ல, கொஞ்சம் காசு வீண், அவ்வளவுதான். மூடிக்குள்ள ஒட்டுன ஸ்டிக்கரையும் அப்பவே கிழிச்சிருங்க.

பங்க் பெட்ரோல் ஊத்துன பிறகு மறுபடியும் 8ஆவது படிதான்: 30, 40 கிலோமீட்டர் பதமா ஓட்டி ட்ரிம்மை செட்டில் ஆக விடுங்க, எத்தனால் இல்லாததுலேர்ந்து ஈ20க்கு வர்றீங்கன்னா இதை விடவே கூடாது, லீனா ஓடுற நேரம் இதுதான்.

கேன்ல மிச்சம் இருக்குற ஃப்யூலை அடுத்த டிராக் டேக்குன்னு மாசக்கணக்குல வைக்காதீங்க. பங்க்ல வாங்குன 100னா அப்படியே டேங்க்ல ஊத்தி ஓட்டிருங்க, வீட்ல இருக்குற ஆக்டிவாவுல ஊத்துனாலும் கெடுதல் இல்ல, பலனும் இல்ல. ஆக்ஸிஜன் சேத்த டின் ஃப்யூல்னா ஸ்கூட்டர்ல ஊத்தாதீங்க, கார்புரேட்டர் வச்ச பழைய வண்டியா இருந்தா தானா சரி பண்ணிக்கத் தெரியாது, லீனா ஓடி சூடாகும். சாக்கடையில கொட்டுறதுங்கிற பேச்சே வேணாம், பட்டறைக்காரர்கிட்ட என்ன ஃப்யூல்னு டின்னைக் காட்டிச் சொல்லிட்டுக் குடுங்க.